பாடம் செய்தற்கு முன்: தென்னிந்திய வேட்டை விலங்குகள், மீன்களின் முதல்நிலைப் பணியும் பெயரற்ற கைகளும்

ஆய்வுச்சுருக்கம்

வேட்டையாடப்பட்ட விலங்கும் தூண்டிலில் சிக்கிய மீனும் பாடம் செய்யும் பட்டறையை அடைவதற்கு முன், களத்திலேயே செய்து முடிக்கப்பட வேண்டிய பணிகள் பல இருந்தன. தோலுரித்தல், சதை களைதல், உப்பிடுதல், மண்டையோட்டைத் தூய்மை செய்தல், அளவெடுத்தல், அடையாளமிடுதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1972 வரையிலான தென்னிந்திய வேட்டைச் சூழலை மையமாகக் கொண்டு இம்முதல்நிலைப் பணியை இக்கட்டுரை ஆராய்கிறது. வேட்டைச் சின்னத்தின் தரம் பட்டறையில் அன்றிக் களத்தின் முதற்சில மணி நேரங்களிலேயே உறுதியாயிற்று என்பதும், அப்பணியைச் செய்தோரின் பெயர் சின்னத்திலோ பெயர்ப்பலகையிலோ இடம்பெறாமற்போனது என்பதும், இவ்விடுபடல் உழைப்பு வரலாற்றையும் உயிரியல் அறிவையும் ஒருங்கே பாதித்தது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பாடம் செய்தல், வேட்டைச் சின்னம், தோலுரித்தல், படிகாரம், சுண்ணாம்பு, மஹ்சீர், வான் இங்கன், காலனிய வேட்டை.

முன்னுரை

காலனிய வேட்டை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் துப்பாக்கி ஏந்தியவரை மையப்படுத்துகின்றன. அவர் எழுதிய நினைவுக்குறிப்பு, அவர் நின்ற புகைப்படம், அவர் வீட்டுச் சுவரில் மாட்டிய தலை ஆகியன முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. பாடம் செய்யும் கலை குறித்த ஆய்வுகளோ பட்டறையிலிருந்து தொடங்குகின்றன. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட கட்டம், அதாவது விலங்கு விழுந்த கணத்திற்கும் அதன் தோல் பட்டறையில் இறங்கிய நாளுக்கும் இடைப்பட்ட காலம், போதிய கவனம் பெறவில்லை. ஆயினும் பாடம் செய்வோர் தம் வாடிக்கையாளர்க்கு எழுதிய வழிகாட்டிகளில் பெரும்பகுதி இவ்விடைக்கட்டத்தைப் பற்றியதே ஆகும். இலண்டனில் பட்டறை நடத்திய ரோலண்ட் வார்டு 1880இல் வெளியிட்ட வேட்டையாளர் கையேடு இவ்வகைக்கு நன்கறியப்பட்ட சான்று. அக்கையேடுகளின் அறிவுரைகளை அறிவுரைகளாக மட்டும் கொள்ளாது, அவை எத்தகைய பிழைகளைக் கண்டு அஞ்சின, யாருடைய கைகளை ஐயுற்றன என்னும் நோக்கில் படிக்கும்போது, எழுதப்படாத ஓர் உழைப்பின் உருவரை புலப்படுகிறது.

பாடம் என்னும் சொல்

இறந்த விலங்கின் தோலைக் கெடாமற் பேணி உயிர்த்தோற்றம் தருவதைத் தமிழ் வழக்கு 'பாடம் செய்தல்' என்கிறது. புகையிலையைப் பதப்படுத்துவதையும் 'பாடம் போடுதல்' என்றே கூறும் வழக்குண்டு. பச்சையான ஒன்றை அழுகாத நிலைக்குக் கொணரும் பக்குவமே இரண்டிற்கும் பொதுவான பொருள். எனவே தமிழ்ச்சொல், உருவம் அமைக்கும் கலையைவிடப் பொருளைப் பக்குவப்படுத்தும் தொழிலையே முன்னிறுத்துகிறது எனலாம். இக்கட்டுரையின் பொருளுக்கு இச்சொற்பொருள் மிகவும் இயைந்தது. ஏனெனில் பக்குவம் களத்தில் தொடங்குவது. உருவம் பட்டறையில் அமைவது.

ஆங்கிலத்திலோ 'பிரிசர்வேஷன்' என்னும் ஒரே சொல் உயிருள்ள விலங்கைக் காத்தலையும் இறந்த விலங்கின் தோலைக் காத்தலையும் குறித்தது. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. உரிமமும் வேட்டை விலக்குக் காலமும் இச்சட்டத்தின் வழி ஒழுங்கு பெற்றன. தொடர்ந்து வேட்டையாட விலங்குகள் எஞ்ச வேண்டும் என்பதே இக்காப்பின் அடிப்படை. உயிரைக் காக்கும் சட்டமும் தோலைக் காக்கும் கையேடும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வாசகருக்காக, ஒரே சொல்லில் எழுதப்பட்டமை நோக்கத்தக்கது.

களத்தின் முதல் மணி நேரங்கள்

வெப்ப நாட்டில் வேட்டைத் தோலின் முதற்பகை காலமே. உயிர் நீங்கியவுடன் உடலின் நுண்ணுயிரிகள் பெருகி, மயிர் வேரூன்றியுள்ள மேற்றோலைத் தளர்த்துகின்றன. வயிறு, காது, உதடு, பாதம் ஆகிய இடங்களில் இது விரைவில் வெளிப்படும். தோல் பார்வைக்கு நன்றாயிருப்பினும், பட்டறையில் நனைத்தவுடன் மயிர் கொத்துக் கொத்தாகக் கழன்றுவிடும். ஒருமுறை தளர்ந்த மயிரை மீளப் பற்றவைக்கும் வழி எதுவும் இல்லை. ஆதலால் விலங்கை நிழலுக்குக் கொண்டுசெல்லுதல், தரையில் இழுக்காது தூக்கிச்செல்லுதல், குண்டு துளைத்த இடத்தையும் வாய், மூக்குத் துளைகளையும் பஞ்சால் அடைத்தல், குருதியைக் குளிர்ந்த நீரால் உடனே கழுவுதல் ஆகியன முதற்கடமைகளாயின.

அடுத்தது கீறும் முறை. முழு உருவாகப் பாடம் செய்ய வேண்டிய புலிக்கு வயிற்றின் நடுவே நேர்கோடாகவும், கால்களின் உட்புறமாகவும், வாலின் அடிப்புற நெடுகவும் கீறுவர். கடமான், புள்ளிமான், காட்டெருமை ஆகியவற்றின் தலையை மட்டும் சுவரில் மாட்டுவதாயின் கீறல் பிடரியின் மேற்புறத்தில் அமைய வேண்டும். தோள்பகுதித் தோலையும் தாராளமாகச் சேர்த்தெடுக்க வேண்டும். கழுத்தின் முன்புறத்தில் விழும் வெட்டு, பார்ப்போர் கண்ணெதிரே தையலாக நிற்கும். இவ்விடத்தில் உணவும் சின்னமும் முரண்பட்டன. இறைச்சியை உண்பதற்கு உகந்ததாக்கும் பொருட்டு, விழுந்த மானின் கழுத்தை உடனே அறுப்பது முகாமிலிருந்த இசுலாமியப் பணியாளர்களின் சமயக் கடப்பாடு. வேட்டையாளர் அதனைத் தலையின் சேதமாகக் கண்டனர். மான் ஒருவருக்கு உணவு. மற்றொருவருக்குச் சுவர் அணி. கத்தி எங்கே இறங்குவது என்பது அந்த வேறுபாட்டைத் தீர்மானித்தது.

தோலுரித்தலின் நுட்பம் தலையிலும் பாதங்களிலும்தான் வெளிப்படும். காதை உட்புறம் வெளியாகத் திருப்பிக் குருத்தெலும்பைப் பிரித்தல், உதட்டைப் பிளந்து உட்சதையை அகற்றல், இமையை அறுபடாமல் விழிக்குழியிலிருந்து விடுவித்தல், விரல்களைக் கடைசிக் கணு வரை உரித்து நகத்தைத் தோலோடு விடுதல் ஆகியவை ஒவ்வொன்றும் பழகிய கையை வேண்டுவன. புலியின் உதட்டில் அகற்றப்படாத சதை, மீசை கழன்றுபோவதற்கே வழிவகுக்கும். தவறான இமைக்கீறலைப் பட்டறைக் கலைஞர் எத்துணைத் திறமையுடையவராயினும் முற்றிலும் மறைக்க இயலாது.

உரித்தபின் மண்டையோடு தனியே தூய்மை செய்யப்பட்டது. நெடுநேரம் கொதிக்கவைத்தால் பற்கள் வெடித்துவிடும். எனவே நீரில் ஊறவைத்துச் சதையை நெகிழச் செய்வது பாதுகாப்பான வழியாயிற்று. தோலை உரிப்பதற்கு முன்பே நீளம், சுற்றளவு, கழுத்தளவு ஆகியவை குறிக்கப்பட வேண்டியிருந்தன. காரணம், பச்சைத்தோல் இழுத்த இழுப்பிற்கு நீளும் இயல்புடையது. முளையடித்து விரித்துக் காயவைத்த புலித்தோல், அப்புலி உயிரோடிருந்த நீளத்தைவிட மிகுதியாகக் காட்டும். முளைகளுக்கிடையே நேர்கோட்டில் அளப்பதா, உடலின் வளைவுகள்மேல் நாடாவை ஓட்டி அளப்பதா என்பது பற்றி வேட்டையாளரிடையே நெடுங்காலம் விவாதம் நிகழ்ந்தது. சாதனை அளவுகளின் நம்பகத்தன்மையும் இவ்வாறு களப்பணியாளரின் முளையையும் நாடாவையும் சார்ந்தே நின்றது.

சுண்ணாம்பும் படிகாரமும்: இரு தொழில்களின் முரண்

தென்னிந்தியா தோல் பதனிடும் தொழிலில் நெடிய மரபுடையது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கி, ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் சென்னை மாகாணத்தின் குறிப்பிடத்தக்க ஏற்றுமதிப் பொருள்களாயிருந்தன. எனவே முகாமிற்கு அருகில் ஊர் இருந்தால், அங்கே தோல் வேலை அறிந்தோரும் இருந்தனர். ஆயின் அவர்தம் அறிவு வேட்டைச் சின்னத்திற்கு நேர் எதிரானதாக அமைந்தது. செருப்புக்கும் ஏற்றத்துச் சாலுக்கும் வேண்டிய தோலில் மயிர் நீங்க வேண்டும். சின்னத்திலோ மயிர் ஒன்றும் கழலலாகாது. சுண்ணாம்பு முன்னதற்கு முதற்கருவி, பின்னதற்குக் கேடு. பட்டைச்சாறு தோலுக்கு உறுதியளிப்பினும் நிறமேற்றும் இயல்புடையது.

இதற்கு மாற்றாகக் கையேடுகள் வலியுறுத்தியவை உப்பும் படிகாரமும் ஆகும். உப்பு ஈரத்தை ஈர்த்து அழுகலைத் தடுக்கும். படிகாரம் தோலைச் சுருக்கி மயிர்வேரை இறுக்கும். தோலை வெயிலில் அன்றி நிழலிலும் காற்றிலும் காயவைக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. வெயிலில் தோலின் கொழுப்பு உருகித் தோலையே வேகவைத்துவிடும். அத்தகைய தோல் பின்னர் நீரை ஏற்காது முறியும். தோலுண்ணும் வண்டுகளுக்கு எதிராக ஆர்செனிக் கலந்த சோப்பு பூசப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெட்ஸ் நகரில் வாழ்ந்த மருந்தாளுநர் ழான் பத்தீஸ்து பெக்கூர் உருவாக்கிய அக்கலவையில் ஆர்செனிக், கற்பூரம், சோப்பு, சுண்ணாம்புத்தூள், ஒருவகைக் காரவுப்பு ஆகியன சேர்ந்திருந்தன. நஞ்சான இக்கலவையைக் கையால் தடவியவர் யார் என்னும் வினா, இவ்வரலாற்றில் எளிதில் கடந்துபோகத்தக்கதன்று.

ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886), தமிழ்நாட்டின் தோல் தொழிற்சாதி ஒன்றன் பெயரிலிருந்து திரிந்த 'சக்ளர்' என்னும் சொல்லைப் பதிவு செய்துள்ளது. ஒரு சாதிப்பெயர் தொழிற்பெயராகி ஆங்கிலத்துள் புகுந்தமை, இறந்த விலங்கைத் தொடும் பணி எவர்மீது சுமத்தப்பட்டிருந்தது என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது. வேட்டையாளருக்குப் பெருமை தந்த அதே உடல், அதனை உரித்தவருக்குத் தீட்டின் அடையாளமாக நின்றது. அவர்தம் தொழிலறிவைச் சின்னத்தைக் கெடுக்கும் அறியாமையாகக் கண்ட பார்வை, அது வேறொரு நோக்கத்திற்காக வளர்ந்த முழுமையான அறிவு என்பதைக் காணத் தவறியது. முகாம்களில் பழகிய உரிப்பாளர்கள் சுண்ணாம்பைத் தவிர்க்கவும், உதட்டைப் பிளக்கவும், காதைத் திருப்பவும் கற்றுக்கொண்டனர் என்பது, அவர்தம் பழைய அறிவு புதிய தேவைக்கேற்பத் தகவமைந்ததையே குறிக்கும்.

மீசையும் கொழுப்பும்: உடல்மீதான உரிமை

புலி விழுந்தவுடன் அதன் அருகே நம்பிக்கையான ஒருவரைக் காவல் வைக்க வேண்டும் என்பது வேட்டை இலக்கியத்தில் மீண்டும் மீண்டும் வரும் அறிவுரை. மீசை, நகம், தோள்பகுதியில் தசையுள் மிதக்கும் சிறு எலும்பு, கொழுப்பு ஆகியவை காணாமற்போகும் என்பதே காரணம். புலிமீசை நஞ்சாகும் என்றும், நகம் குழந்தைக்குக் காப்பாகும் என்றும், கொழுப்பு மூட்டுவலிக்கு மருந்தாகும் என்றும் மக்கள் நம்பினர். புலிப்பல்லைக் கோத்து அணியும் தாலி சங்க இலக்கியத்திலேயே பேசப்படும் தொன்மை வாய்ந்தது.

வேட்டையாளர் பார்வையில் இது திருட்டு. எனினும் இதனை இருவேறு உரிமைக் கருத்துகளின் மோதலாகக் கொள்வதே பொருந்தும். காட்டைக் காட்டித் தடம் பிடித்தவரும், புதரைக் கலைத்தவரும், உடலைச் சுமந்தவரும் அவ்வுடலில் தமக்கும் பங்குண்டு என்று கருதியிருத்தல் இயல்பே. சின்னமாக வேண்டிய விலங்கு சிதையாமல் முழுமையாக இருக்க வேண்டும். மரபுப் பங்கீட்டிலோ விலங்கு பகிரப்படுவதற்கே உரியது. மீசையிழந்த புலிக்குப் பட்டறையில் வேறு மயிரைப் பொருத்தும் வழக்கம், இம்மோதலில் சிற்றூர் சில வேளைகளிலேனும் வென்றதற்கான சான்றாகச் சுவரில் தொங்கியது.

மீன்: செதிலும் நிறமும்

மீனின் முதல்நிலைப் பணி விலங்கினுடையதினும் கடினமானது. மீனின் நிறம் நீரைவிட்டு நீங்கிய சிறிது நேரத்திலேயே மங்கத் தொடங்கும். எந்த வேதிப்பொருளாலும் அதனை நிலைநிறுத்த இயலாது. பாடம் செய்த மீனில் காணப்படும் நிறம் பெரும்பாலும் வண்ணப்பூச்சே. ஆதலால் பிடித்தவுடன் நிறத்தைக் குறித்துக்கொள்ளலும், தாளின்மேல் கிடத்தி உருவரை வரைந்துகொள்ளலும், எடை பார்த்தலும் முதற்பணிகளாயின. மீனை ஈரத்துணியில் சுற்றிச் செதில் உரசாமல் கொண்டுசெல்ல வேண்டும். துடுப்புகளை ஈரமாக வைத்து விரித்த நிலையில் காக்க வேண்டும். சமையலுக்குப் போல அடிவயிற்றைக் கீறாது, சுவரை நோக்கி அமையவுள்ள பக்கத்தில் நீளவாட்டில் கீற வேண்டும். 1893க்குப் பின் ஃபார்மலின் பயன்பாட்டிற்கு வந்தபோது முழு மீனையும் திரவத்தில் இருத்திக் காக்கும் வழி எளிதாயிற்று. எனினும் சுவரணியை விரும்பிய தூண்டிலாளருக்குத் தோலுரிப்பே உரிய வழியாக நீடித்தது.

அறிவியல் நோக்கில் மீன்தோலைப் பேணும் முறை இதற்கு முற்பட்டது. டச்சு இயற்கையியலாளர் யோன் பிரெடெரிக் குரோனோவியுசு மீனின் ஒரு பாதித் தோலை மட்டும் உரித்துக் காயவைத்துத் தாளில் பதிக்கும் முறையை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே விளக்கியிருந்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் தரங்கம்பாடி மிஷனரி கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், சோழமண்டலக் கடற்கரை மீன்களைப் பெர்லினிலிருந்த மார்க்கஸ் எலியேசர் புளோக்கிற்கு அனுப்பினார். புளோக் தாம் விளக்கிய கத்தளை மீன் பேரினமொன்றிற்கு 'ஜானியஸ்' என அவர் நினைவாகப் பெயரிட்டார். அப்பேரினத்து மீனொன்றின் சிற்றினப் பெயரான 'கருட்டா' என்பதில் கருத்த கத்தளை என்னும் தமிழ்வழக்கின் சுவடு உள்ளது. கடற்கரை மக்களின் சொல் அறிவியற் பெயருள் வாழ்கிறது. அச்சொல்லைச் சொன்னவரும், மீனைப் பிடித்துப் பக்குவம் செய்தவரும் அப்பெயரில் இல்லை.

ஆற்று மீன்களில் தூண்டிலாளர் பெரிதும் விரும்பியது மஹ்சீர் என்னும் பெருங்கெண்டை. சென்னை மாகாண ஆட்சிப்பணியிலிருந்த எச். எஸ். தாமஸ் 1873இல் வெளியிட்ட இந்தியத் தூண்டில் பற்றிய நூல், காவிரி ஆற்றமைப்பின் மஹ்சீரை உலகத் தூண்டிலாளர் கவனத்திற்குக் கொணர்ந்தது. 1946இல் கபினி ஆற்றில் 120 பவுண்டு எடையுள்ள மஹ்சீர் பிடிபட்டது. ஆயினும் இத்துணைப் புகழ்பெற்ற, முதுகில் திமில் போன்ற மேடுடைய இம்மீன் நெடுங்காலம் உறுதியான அறிவியற் பெயரின்றியே இருந்தது. மாயாற்றில் கிடைத்த மாதிரிகளின் துணையோடு 2018இல் வெளியான ஆய்வே இதனை 'டோர் ரெமாதேவி' என உறுதி செய்தது. அதற்குள் இம்மீன் அழிவின் விளிம்பை எட்டியிருந்தது. எடையும் பிடித்தவர் பெயரும் தவறாது பதிவான இடத்தில், உறுதியாக இனம் காணத்தக்க மாதிரி பேணப்படவில்லை. முதல்நிலைப் பணியின் நோக்கம் சுவரா, அறிவா என்னும் வேறுபாட்டின் விலை இங்கு வெளிப்படையாகிறது.

பட்டறையும் பெயர்ப்பலகையும்

தென்னிந்தியாவில் இத்துறையின் முதன்மையான நிறுவனம் மைசூரின் வான் இங்கன் பட்டறை. யூஜின் வான் இங்கன் தோற்றுவித்த இப்பட்டறை ஏறத்தாழ 1900 முதல் 1999 வரை இயங்கியது. போயர் தலைவர்களின் பெயர்களைத் தாங்கிய அவருடைய மைந்தர்கள் அதனைத் தொடர்ந்து நடத்தினர். மேற்குறித்த 120 பவுண்டு மஹ்சீரைப் பிடித்த டிவெட் வான் இங்கன் அவர்களுள் ஒருவர். காகிதக்கூழால் வார்த்த உடலுருக்களின்மேல் தோலைப் பொருத்தும் முறை இப்பட்டறையின் சிறப்பு. இதன் வரலாற்றை எழுதிய பாட் மாரிஸ், அங்கு 43,000க்கும் மேற்பட்ட புலிகளும் சிறுத்தைகளும் பாடம் செய்யப்பட்டதாகக் கணக்கிடுகிறார்.

இவ்வெண்ணிக்கை வேறொன்றையும் உணர்த்துகிறது. 43,000 தோல்கள் பட்டறைக்கு வந்தன எனில், அத்தனை முறை யாரோ ஒருவர் காட்டோரத்தில் அமர்ந்து உதட்டைப் பிளந்து, காதைத் திருப்பி, விரல்கணுவை வெட்டி, உப்பைத் தேய்த்திருக்க வேண்டும். பட்டறையின் பெயர் சின்னத்தோடு நின்றது. வேட்டையாளர் பெயரும் இடமும் நாளும் பலகையில் பொறிக்கப்பட்டன. உரித்தவர் பெயருக்கு அங்கு இடமில்லை.

அறிவியல் தொகுப்புகளின் நிலையும் இக்கூற்றில் பெரிதும் வேறுபட்டதன்று. 1911இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் தொடங்கிய பாலூட்டிகள் அளவாய்வும், 1929–30இல் நிகழ்ந்த வெர்னே கிழக்குத் தொடர்ச்சி மலை அளவாய்வும் இடம், நாள், பால், அளவு ஆகியவற்றை அடையாளத்துண்டில் முறையாகக் குறிக்கும் மரபைப் பின்பற்றின. சுவர்ச் சின்னத்திடம் இல்லாத அறிவுப்பயன் இதனால் விளைந்தது. எனினும் அத்துண்டில் இடம்பெறுவது சேகரித்தவரின் பெயரே. உரித்தவருக்கெனத் தனி நிரல் இல்லை.

சட்டம் கண்ட இடைக்கட்டம்

1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் புலி வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1986ஆம் ஆண்டுத் திருத்தம், அட்டவணைப்படுத்தப்பட்ட விலங்குகளின் பகுதிகளாலான பொருள்களையும் சின்னங்களையும் வணிகம் செய்வதைத் தடுத்தது. இச்சட்டத்தின் வரையறைப் பகுதி இக்கட்டுரையின் நோக்கில் சிறப்பாகக் கருதத்தக்கது. அது 'சின்னம்' என்பதையும் 'பதப்படுத்தப்படாத சின்னம்' என்பதையும் தனித்தனியே வரையறுக்கிறது. பாடம் செய்யப்படாத விலங்குடலும் அதன் பகுதியும், அண்மையில் கொல்லப்பட்ட விலங்கும் பின்னதனுள் அடங்கும். வேட்டை இலக்கியம் பணியாளர் கையில் விட்டுக் கடந்துபோன இடைக்கட்டத்திற்குச் சட்டம் ஒரு பெயரைத் தந்தது. ஆயின் அப்பெயர் பொருளுக்கு உரியதே அன்றி உழைப்புக்கு உரியதன்று.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பாடம் செய்தல் என்பது களத்தில் தொடங்கிப் பட்டறையில் நிறைவுறும் தொடர்பணி. அதன் வெற்றி தோல்வி பெரும்பாலும் முன்னதிலேயே உறுதியாயிற்று. இரண்டாவது, மயிர் நீக்கும் மரபறிவிற்கும் மயிர் காக்கும் புதிய தேவைக்கும் இடையிலான முரண், அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலான முரணாகத் திரித்துரைக்கப்பட்டது. மூன்றாவது, சின்னத்தின் பெருமையை மட்டும் பதிவு செய்த வழக்கம், உழைத்தவரின் பெயரோடு உயிரினத்தைப் பற்றிய அறிவையும் இழக்கச் செய்தது. திமில் மஹ்சீரின் வரலாறு இதற்குச் சான்று.

அருங்காட்சியகங்களின் பழைய தோல்களில் ஆர்செனிக் இன்றும் எஞ்சியிருத்தல் கூடும் என்பதால், அவற்றைக் கையாள்வோர் கையுறை அணிகின்றனர். அந்நஞ்சை முதன்முதலில் தடவிய கைகளுக்கு உறை இருந்ததா என்னும் வினாவோடு, பழந்தொகுப்புகளின் பதிவேடுகளை மறுவாசிப்புச் செய்தல் வேண்டும். கணக்கேடுகள், முகாம்ச் சம்பளக் குறிப்புகள், புகைப்படங்களின் ஓரங்களில் நிற்போர் ஆகியவற்றை ஒப்பிட்டு, உரித்தோர் பெயர் கிடைக்கும் இடங்களிலெல்லாம் அதனை அட்டவணைகளில் சேர்ப்பது தமிழக அருங்காட்சியக ஆய்வாளர்கள் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.